தெல்மாவின் சமையலறைக்குள் வந்த பந்து

கோட்டையையும் இடிந்த மடாலயத்தையும் பார்க்க மார்ல்விக் என்ற சிற்றூருக்குக் கோடையில்தான் ஆட்கள் வருவார்கள். பிப்ரவரியில் வருகிறவர்கள் அடிதடி பார்க்க வருகிறவர்கள்.

தவக்காலத்துக்கு முந்தின செவ்வாயன்று மேட்டுத்தெரு ஆண்களும் ஆற்றங்கரை ஆண்களும் ஒரு தோல்பந்துக்காக ஊர் முழுக்க மோதிக்கொள்வார்கள். கொலை கூடாது என்பதைத் தவிர அதற்கு விதி கிடையாது. பல் போகும், விலா முறியும். யாரும் யார்மேலும் புகார் கொடுத்ததில்லை.

பாலத்தோரம் நாலு அறை விடுதி நடத்திய தெல்மாவின் கணவன் டெஸ் டிராய்ஸ், ஆற்றங்கரைக் கட்சியின் நாயகன். கசாப்புக் கடைக்காரன். மூன்று தடவை பந்தை ஆற்றுக்கு அக்கரை சேர்த்து வென்றவன் என்று மதுக்கடைச் சுவரில் அவன் படம் மாட்டியிருந்தது. வீட்டிலும் அவன் கை நீட்டுவான் என்பது ஊருக்குத் தெரியும். தெல்மாவின் கன்னம் கன்றியிருந்தால் ரொட்டிக்கடையில் பேச்சு மழையின் பக்கம் திரும்பிவிடும்.

1974ஆம் வருட ஆட்டத்தன்று காலை, முட்டை வெந்தது போதாதென்று டெஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். லீட்ஸ் நகரத்திலிருந்து கணவனோடு வந்து தங்கியிருந்த மிஸஸ் ஹாயில் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தாள். டெஸ் கிளம்பிப் போனதும் கேட்டாள்: "என்னம்மா இது, தினமும் இப்படித்தானா?"

"இன்னிக்கு ஆட்டம். அதான் கொஞ்சம் சூடா இருக்காரு."

"மத்த நாள்ல?"

தெல்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு இருநூறு பேர் கொண்ட கூட்டம் பாலத்தை விட்டு வழுக்கி அவள் வாசல் மேல் சாய்ந்தது. கதவு கீல்களோடு பெயர்ந்து விழுந்தது. நடைவழியில் சேறும் வியர்வையும் கெட்ட வார்த்தையுமாக ஆட்கள் புகுந்தார்கள். ஒருவன் காது பாதி கிழிந்து தொங்கியது. ஹாயில் தம்பதி மாடிப்படியில் ஒடுங்கி நின்றார்கள். பந்தை வயிற்றோடு அணைத்தபடி, நெற்றியில் ரத்தம் வழிய, டெஸ் சமையலறைக்குள் பாய்ந்தான். பின்கதவைத் தாண்டினால் ஆறு. கதவுக்கு முன்னால் அடுப்பில் அப்பம் வார்த்துக்கொண்டிருந்தாள் தெல்மா.

"வெலகுடி."

அவள் விலகத்தான் போனாள். அதற்குள் அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். அவள் உள்ளங்கை தகிக்கும் அடுப்புத் தகட்டில் பதிந்தது. தோல் கருகும் வாசனை வந்தது. மறு கையால் இரும்புச் சட்டியை எடுத்து, அப்பத்தோடும் கொழுப்போடும் சேர்த்து, அவன் தாடையில் ஓங்கி அடித்தாள். எலும்பு உடைந்த சத்தம் நடைவழிவரை கேட்டது. விழுந்தவனை இன்னொரு தடவை அடித்தாள். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது மேட்டுத்தெருத் தலைவன் ஆல்ஃப் ரென்ஷா சட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"போதும், தெல்மா. செத்துடுவான்."

"சாகட்டும்."

ஆல்ஃப் அவள் கையிலிருந்து சட்டியை மெல்ல உருவினான். கீழே உருண்ட பந்தை எவனோ எடுத்துக்கொண்டு ஓடினான். கூட்டம் அவன் பின்னால் போயிற்று.

பைக் என்ற கான்ஸ்டபிள் வந்து டெஸ்ஸைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், கடைசியாக அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "என்ன நடந்துச்சு?"

ஆல்ஃப்தான் பதில் சொன்னான். "ஆட்டத்துல அடிபட்டுட்டாரு. பந்து அவர் கையில இருந்துச்சுல்ல."

நோட்டில் கான்ஸ்டபிள் அப்படியே எழுதிக்கொண்டார். இத்தனை வருடம் அவள் காயங்களைப் பார்க்காத ஊர், அன்று இதையும் பார்க்கவில்லை. அது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

மறுநாள் மிஸஸ் ஹாயில் அவளைக் கட்டாயப்படுத்திக் கோட்டைக்கு அழைத்துப் போனாள். கட்டுப் போட்ட கையோடு மேலே ஏறிய தெல்மா, மதில் மறைவில் குனிந்து வாந்தி எடுத்தாள். "அந்தச் சத்தம் காதுலயே நிக்குது," என்றாள். மிஸஸ் ஹாயில் அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

ஏழாவது வாரம் தாடையில் கம்பி கட்டிய டெஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். அவன் பெட்டி புது வாசற்கதவுக்கு வெளியே இருந்தது. வாய் திறக்க முடியாததால் கையை ஓங்கினான். தெல்மா நகரவில்லை. பயம் இல்லாமல் இல்லை.

"அடி. தெருவே பார்க்குது. இன்னிக்கு ஆட்டமும் இல்ல."

எதிரே ரொட்டிக்கடைப் பெண்கள் வெளியே வந்து நின்றார்கள். யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை. டெஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான்.