முள் குதிக்காத வீடு

"மெதுவா நட, கீழ் வீட்டுல திட்டுவாங்க" என்று என் கணவர் சொன்னதும், மகள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சிதம்பரத்தில் இப்போது நாங்கள் இருப்பதும் மாடி வீடுதான்.

2006-இல், செம்மண்டலத்தில் நான் வளர்ந்த மாடி வீட்டில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நடந்தோம். அப்பா ரெக்கார்டு பிளேயருக்கு அடியில் கடப்பா கல்லும், கல்லுக்கு அடியில் பாதி காற்றடித்த சைக்கிள் டியூபும் வைத்திருந்தார். அப்படியும் யாராவது அழுத்தி நடந்தால் தரை அதிர்ந்து, ரெக்கார்டின் மேல் முள் குதித்துவிடும். "யாருடி அது, யானை மாதிரி?" என்பார். அவர் பாட்டுக் கேட்கும்போது மிக்சி ஓடாது, பீரோ திறக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. சமையலறையிலிருந்து சுவரைப் பிடித்தபடி, குதிகால் படாமல் கூடம் வரை வந்து, கதவோரம் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. என்னம்மா என்றேன்.

"பாட்டு முடியட்டும், சொல்றேன்."

பாட்டு முடிந்து அப்பா திரும்பிப் பார்த்தபோது அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். மூச்சில்லை. முள் ஒருமுறைகூடக் குதிக்கவில்லை.

மகளைக் கூப்பிட்டேன்.

"நல்லா ஊணி நடம்மா. நீ எங்க இருக்கேன்னு எனக்குக் கேக்கணும்."