சாப்பிட்டாச்சா என்று ஒரு கேள்வி

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் நிறைய வரும். படிப்பவர்கள் அதை மன்னிக்க வேண்டும். கோபத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம் என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி முற்றியது. தருமபுரத்திலிருந்து தினமும் காலையில் காரைக்கால் டவுனுக்கு நடந்துபோய், ஒரு டாக்டரின் கிளினிக்கில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வருவோம். “சோத்தக் குறைங்க” என்றார் டாக்டர். நான் அரிசி மில்லில் நெல் அவிப்பவன். அவள் மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவள். ஆனாலும் விட்டாள். காலையில் பழைய சோற்றுக்குப் பதில் முதல் நாள் குழம்பிலிருந்து மீனை மட்டும் எடுத்துத் தின்பாள். “பூனையாட்டம் திங்குது பாரு” என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

கிளினிக் கம்பவுண்டர் அவள் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் மருந்து விட்டுக் காய்ச்சுவார். முதலில் செங்கல் நிறமாக இருந்தது, சில வாரங்களில் பச்சையாகி, பிறகு நீலமாகவே நின்றது. நீலம் என்றால் சர்க்கரை இல்லை. “பலே” என்பார். ஊசி மட்டும் செங்கல் நிறத்துக்குப் போட்ட அதே அளவு.

ஊசிக்கு முன்னால் தினமும் கேட்பார்: “சாப்பிட்டாச்சாம்மா?”

“ஆச்சுங்க” என்பாள்.

எங்கள் பக்கத்தில் அது வணக்கம் சொல்வது மாதிரி. பட்டினி கிடப்பவனும் ஆச்சு என்றுதான் சொல்வான்.

ஒரு நாள் ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது கடைத்தெருவில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து “நீங்க யாரு?” என்றாள். சர்பத் கடை பாய் ஓடிவந்து அவளை உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“சர்க்கரை வியாதிங்க பாய். இனிப்பு ஆகாதுங்க.”

“கைய விடுங்க. எங்க வாப்பாவுக்கும் இந்த ஊசிதான். சோறு திங்காம போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். இப்ப குடுக்கலன்னா ஆள் தங்காது.”

மெதுவாகக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் என்னை அடையாளம் தெரிந்தது.

அவளைக் கடையிலேயே விட்டுவிட்டுக் கிளினிக்குக்குத் திரும்பினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். அன்றைக்கு வாசலிலிருந்தே சத்தம் போட்டேன், வெறும் வயிற்றில் ஏன் ஊசி போட்டீர்கள் என்று.

“கேட்டுட்டுத்தானே போட்டேன்? உங்க வீட்டம்மாதான் ஆச்சுன்னுச்சு” என்றார் கம்பவுண்டர்.

“அவ தின்னது ஒரு துண்டு மீனுங்க. சோத்தக் குறைக்கச் சொன்னது டாக்டருதானே? சோறு தின்னியான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் உள்ளேயிருந்து வந்தார்.

“சோறு குறைஞ்சா ஊசியும் குறையணும்பா. தெரிஞ்ச விஷயந்தானே.”

யாருக்குத் தெரிந்த விஷயம்? அவள் உயிர் போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். அளவைப் பாதியாக்கிவிட்டு உள்ளே போனார்.

இன்றைக்கும் கம்பவுண்டர் அதே கேள்விதான் கேட்கிறார். அவள்தான் பதிலை மாற்றிவிட்டாள். “சோறு இல்லீங்க, மீன் மட்டுந்தான். ஊசியில எவ்வளவு மருந்து ஏத்தியிருக்கீங்கன்னு காட்டிட்டுப் போடுங்க.” அவர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.

1957, ஆடி அமாவாசைக்கு மறுநாள்.