பேனாக் கோட்டைத் தாண்டிய சிவப்பு

சாப்பிடும் புரதமே உடம்பில் நஞ்சாகிவிடும் அபூர்வ நோய் என் மகளுக்கு. வாரம் ஓர் ஊசி. போட்ட கை ஒவ்வொரு முறையும் சிவந்து வீங்கும்.

“சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்க, ஐஸ் துணி வைங்க. கோட்டைத் தாண்டினா உடனே கொண்டு வாங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டியிருக்கும். வேறு மருந்து இல்லை. கோடு போட்டுப் போட்டே நான் களைத்திருந்தேன்.

ஹோலியன்று மத்தியானம் அவள் சட்டைக் கையைத் தூக்கினால், சிவப்பு முழங்கை வரை இறங்கியிருந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு, தொப்பை முன்னே போக, சரோஜினி நகர் வழியே ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஈரப்பஞ்சால் துடைத்தார். சிவப்பு பஞ்சோடு வந்தது. கோட்டுக்குள் இருந்தது மட்டும் மிச்சம்.

“பாய்சாப், இது ஹோலி கலர்” என்றார் இந்தியில்.

சிரிக்கத் தெம்பில்லாமல் பெஞ்சில் சாய்ந்தேன். “ஏன்டி சொல்லல?”

“விளையாடப் போகாதேன்னீங்க, திருட்டுத்தனமா போனேன். வந்து முகம் கழுவி சட்டை மாத்திட்டேன், கையில மட்டும் போகல. வழியில சொல்ல வந்தா, சுப் ரஹோ, வாயை மூடுன்னு கத்துனீங்க.”

மறுவருடம் முழுக்கைச் சட்டை மாட்டி நானே அவளை விளையாட அனுப்பினேன். இப்போதும் சிவப்பு பரவினால் முதலில் துடைத்துப் பார்க்கிறேன். பயப்படுவது அதற்கப்புறம்தான்.