கல்லுக் கதவுக்கு வைச்ச சோறு

கெய்ரோவில என்னையும் மச்சாளையும் வாடகை வானில ஏத்திவிட்டது என்ர மருமகன், அண்ணையின்ர மகன். அங்க ஒரு ஹோட்டல் குசினியில அவனுக்குச் சமையல் வேலை. அண்டைக்கு லீவு கிடைக்கேல்லை. வழிகாட்டி ஒருத்தரைப் பிடிச்சு, காலமை மியூசியம், மத்தியானம் சக்காராவில கல்லறையள் எண்டு ஒழுங்குபண்ணி வைச்சிருந்தான். வான் வெளிக்கிட முன்னம் என்னைத் தனிய அங்கால கூப்பிட்டு, "மாமி, அம்மாவை எப்பிடியாவது சம்மதிக்கப் பண்ணுங்கோ" எண்டான்.

என்னத்துக்குச் சம்மதம் எண்டு சொல்லோணும். அண்ணை நெடுந்தீவில இருந்து கடலுக்குப் போனவர், திரும்பி வரேல்லை. வள்ளம் மட்டும் நயினாதீவுப் பக்கம் ஒதுங்கினது. அது சண்டைக்காலம், ஆளுக்கு என்ன நடந்தது எண்டு கேக்கப் போகவும் பயம். உடம்பு கிடைக்காட்டில் தர்ப்பைப் புல்லில உருவம் செய்து எரிச்சு, அந்தியேட்டிக் கிரியை செய்யிறது எங்கட வழக்கம். மச்சாள், அண்ணையின்ர மனிசி, அதுக்கு விடேல்லை. இண்டைவரைக்கும் அண்ணையின்ர சாப்பாட்டை மேசையில எடுத்து வைச்சு, வாசல் கதவைக் கொழுவாமல்தான் படுக்கிறவ. தகப்பனுக்கு ஒரு திதி குடுக்க ஏலாத மகன் எண்ட கவலை அவனுக்கு. இதாலை எனக்கும் மச்சாளுக்கும் எத்தினை சண்டை. நான் வாய்க்காரி. அவ வாயே திறவா. ஆனா ஒவ்வொருக்காலும் வெண்டது அவதான்.

மியூசியத்தில செத்த ராசாக்களைக் கிடத்தி வைச்சிருக்கிற இடத்துக்குப் போனம். வெளிச்சம் குறைவு, கதைக்கக் கூடாதாம். செத்தவீட்டுக்குப் போனால் முழுகோணும், இத்தினை செத்தவீட்டுக்கு ஒரு முழுக்குக் காணுமோ எண்டு மச்சாளின்ர காதுக்குள்ள பகிடி விட்டன். அவ சிரிக்கேல்லை. எனக்கு உள்ளுக்கு எரிச்சல்தான். ஒரு உடம்புக்காக நாங்கள் எத்தினை கரை அலைஞ்சனாங்கள். இவையெண்டால் ஆயிரக்கணக்கான வருஷமா உடம்புகளை வைச்சுக்கொண்டு டிக்கெட் விக்கினம்.

பிறகுதான் மச்சாளைப் பாத்தன். சனமெல்லாம் முகத்தடியில நிண்டு பாக்குது, அவ ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் கால்மாட்டுக்குப் போறா. குனிஞ்சு பாக்கிறா. மெல்லத் தலையை ஆட்டிப்போட்டு அடுத்ததுக்குப் போறா. அந்த நாளில தீவுக் கரையளில உடம்பு ஏதும் ஒதுங்கினால் அவவைத்தான் கூப்பிடுவினம். முகத்தை மீன் விட்டு வைக்காது. அண்ணைக்கு நங்கூரம் விழுந்து இடக்கால் பெருவிரல் பாதி இல்லை. அதால அவ காலைப் பாத்து, இது அவரில்லை எண்டு தலையாட்டிப்போட்டு வருவா. இஞ்சையும் அதைத்தான் செய்துகொண்டு நிண்டா. இந்த அம்மாவுக்கு நல்ல ஆர்வம் எண்டு வழிகாட்டி என்னட்டைச் சொன்னார்.

சக்காரா பெரிய வெட்டை. மரமில்லை, மாடில்லை, மணலும் காத்தும்தான். நேரம் போட்டுது, பாத்திட்டுச் சாப்பிடுவம் எண்டு சோத்துப் பெட்டியை மச்சாள் பைக்குள்ள வைச்சுக்கொண்டு வந்தா. கல்லறைக்குள்ள குளிர். சுவரெல்லாம் மாடும் மீனும் வெட்டியிருக்கு. இது திரளி, இது விலாங்கு எண்டு மச்சாள் விரலால தொடாமல் காட்டிக்கொண்டு வந்தா. அதில எனக்குக் கொஞ்சம் மனம் ஆறிச்சுது.

உள்ளுக்குள்ள, கடைசியா ஒரு மண்டபம். சுவரில கல்லிலயே வெட்டின ஒரு வாசல், அதுக்குள்ளால கல்லு மனிசன் ஒருத்தர் இடக்காலை முன்னுக்கு வைச்சு வெளியில வாறார். முன்னால ஒரு தட்டைக் கல்லு. வழிகாட்டி இங்கிலீசில சொல்லச் சொல்ல நான் மச்சாளுக்குத் தமிழில சொன்னன். செத்தவரின்ர சொந்தக்காரர் இந்தக் கல்லில சாப்பாடு வைப்பினமாம். இவர் வாசலால வந்து சாப்பிட்டிட்டுத் திரும்பிப் போவாராம். சொல்லேக்கையே என்ர நாக்கு மெதுவாப் போச்சுது.

"உயிரோடை இருக்கிறவை இதால வாறேல்லையோ எண்டு கேளும்" எண்டா மச்சாள்.

கேட்டன். "செத்தவை மட்டும்தானாம்" எண்டன்.

அவ கிட்டப் போனா. குனிஞ்சு அந்தக் கல்லு மனிசன்ர இடக்காலைப் பாத்தா. நானும் எட்டிப் பாத்தன். பெருவிரல் பாதி உடைஞ்சு கிடந்தது. கல்லெண்டால் உடையும்தானே, இத்தினை வருஷம் எண்டு எனக்கு நானே சொன்னன். காத்து வர வழியில்லாத இடம், ஆனா என்ர பிடரியில குளிர்காத்துப் பட்டது. மச்சாள் தலையை ஆட்டுவா எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். அவ ஆட்டேல்லை.

பையைத் திறந்து சோத்துப் பெட்டியை எடுத்துத் தட்டைக் கல்லில வைச்சா. மூடியைக் கழட்டினா. பிந்தி வாற ஆளுக்கு எடுத்து வைக்கிற சாப்பாட்டை நாங்கள் மூடித்தான் வைப்பம். மூடாமல் வைச்சால் அது செத்தவைக்கு வைக்கிற படையல். இத்தினை காலமும் அண்ணையின்ர சோத்துக் கோப்பையை அவ ஒரு நாளும் மூடாமல் விட்டதில்லை.

வழிகாட்டி ஓடி வந்து, இஞ்சை சாப்பாடு வைக்கக் கூடாது எண்டார்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லும். அவர் சாப்பிடட்டும்" எண்டா மச்சாள், என்னைத் திரும்பிப் பாக்காமல். "மகனுக்கும் சொல்லிவிடும், ஐயரிட்டை நாள் கேக்கச் சொல்லி."

நான் சண்டை பிடிச்சுப் பிடிச்சுக் கேட்ட சம்மதம். சந்தோஷம் வந்திருக்கோணும். வரேல்லை. செத்திட்டார், செத்திட்டார் எண்டு வாயால சொல்லிக்கொண்டு திரிஞ்சனே ஒழிய, அவ கோப்பையை மூடி வைக்கிற வரைக்கும் அண்ணை எங்கேயோ இருக்கிறார் எண்டுதான் நானும் நிம்மதியாப் படுத்தனான்.

"மூடும் மச்சாள்" எண்டு கத்தினன். "அதை மூடும்."

அவ மூடேல்லை.