பின்சுவரைப் பார்த்த சிலை

பண்டைய எகிப்தின் மெம்பிஸ் நகரத்துச் சிற்பி வெர்க்கா, பாதி ஆயுளை அதிகாரிகளின் தொந்தியைக் குறைப்பதிலேயே கழித்தவன். நேரில் மூச்சிரைக்க வருகிறவரும் கல்லில் கட்டிளங்காளையாக நிற்பார். களஞ்சிய அதிகாரி கைஹேப் சிலை கேட்டபோது மட்டும் அவன் எதையும் குறைக்கவில்லை. தொங்கும் தாடை, மேலுதட்டுத் தழும்பு, எல்லாம் அப்படியே வந்தன. "நானேதான்!" என்று கைஹேப் பூரித்துப்போனான்.

"அண்ணனை அடிச்சே கொன்னவனை இப்படி உருகி உருகிச் செதுக்குறியே, உனக்கு ரோஷமே கிடையாதா?" கொத்தன் ஜாவ் வாயைக் கிண்டினான்.

வெர்க்காவின் அண்ணன் சாபு களஞ்சியத்தில் வேலை பார்த்தவன். பார்லி திருடினான் என்று பழிபோட்டு, உயிர் போகும்வரை கைஹேப் அடிக்கவைத்தான். உடலை நைலில் தள்ளிவிட்டார்கள். கல்லறை இல்லாதவனுக்குப் படையல் ஏது? செத்தும் பட்டினி.

"அச்சு அசலா இருந்தாத்தான்யா ஆவி வந்து குந்தும். வேற கல்லுக்குப் போயிடக் கூடாதுல்ல" என்ற வெர்க்கா, மூக்குத் துளையில் இருந்த தூசியை ஊதினான். காதை இன்னும் ஆழமாகக் குடைந்தான்.

கைஹேப் செத்தான். கல்லறைக்குள் சிலைக்கென்று ஒரு சிற்றறை. அதன் முன்சுவரில் சிலையின் கண்மட்டத்துக்கு ஒரு பிளவு. அந்தப் பக்கம் வைக்கும் படையலைச் செத்தவர் அதன் வழியாகப் பார்த்துத்தான் உண்ண வேண்டும். சிலையை நிறுத்த வெர்க்காவும் ஜாவும் உள்ளே இறங்கினார்கள். வெர்க்கா சிலையின் முகத்தைப் பின்சுவர்ப் பக்கம் திருப்பத் தொடங்கினான்.

"அடப்பாவி! தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்கடா!"

வெர்க்கா நிறுத்தவில்லை. ஜாவ் மேலே ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு அவனும் தோள் கொடுத்தான். மேலேறி வந்து அறையைக் கல்லால் மூடினார்கள்.

முதல் படையலோடு கைஹேப்பின் விதவை நுபெத் வந்தாள். விளக்கைப் பிளவருகே பிடித்து உள்ளே பார்த்தாள்.

"வெர்க்கா, இங்க வா. முதுகுல்ல தெரியுது?"

வெர்க்கா கிட்டே வந்தான். விளக்கைப் பிடித்திருந்த அவள் விரல்களில் இரண்டு கோணியிருந்தன. கைஹேப் ஒடித்தவை.

"எதுவரைக்கும் இப்படி இருப்பாரு?"

"கல்லு இருக்கிறவரைக்கும்மா."

"வாசனை உள்ள போகுமா?"

"போகும்மா. காதும் நல்லாக் கேக்கும்."

நுபெத் விளக்கை ஊதி அணைத்தாள். ரொட்டிக் கூடையைப் பிளவுக்கு இன்னும் கிட்டே நகர்த்தினாள்.

"நாளைக்கு வாத்து வறுக்கணும். வீட்டுல வேணாம். இங்கேயே அடுப்பு மூட்டச் சொல்லு."