வெட்டு விழாத தோல் துண்டு

ஆதிகேசவனுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் காகிதத்தில் நம்பிக்கை கிடையாது. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் பதினோரு வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற மனிதர். தொட்டிக்குள் இறங்கும் தோலில் சீட்டுக் கட்டினால் கரைந்துபோகும். அதனால் ஒவ்வொரு தொட்டி மாறும்போதும் ஓரத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார்கள். வெட்டே இல்லையென்றால் அது அப்போதுதான் வந்து இறங்கிய தோல்.

1971இல் வேலூர்ப் பக்கம் ஒரு சின்ன மாட்டு நோய் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. பழக்கமும் கூடவே போயிற்று.

1976இல் அவர் வீட்டுக் கன்று மூக்கு சிவந்து, மூச்சு இழுத்து, நான்காம் நாள் செத்தது. அதன் மூக்கில் ஒற்றிய பஞ்சில் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் அதைக் குடுவையிலிருந்து குடுவைக்கு எழுபது முறை மாற்றி வளர்த்தார்கள். முதல் வைரஸ் கன்றைக் கொன்றது; எழுபதாவதைச் செலுத்திய வேறொரு கன்று துள்ளிக்கொண்டு நின்றது. முதலாவதையும், பிறகு ஒவ்வொரு பத்தாவதையும் ஆம்பூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியில் உலர்த்தி மூடினார்கள். ஆதிகேசவன் ஒவ்வொன்றின் கழுத்திலும் தோல் துண்டு கட்டி, பத்துக்கு ஒரு வெட்டுப் போட்டார்.

"இன்னாய்யா ஆதி, சீசாவுக்கு பெல்ட்டா? அடுத்து பூட்ஸ் மாட்டுவியா?" என்றார் கூட வேலை பார்த்த ஷபீ அஹமது.

"சீட்டு விழும் பாய். தோலு விழாது. அத்த வுடு, எழுவது தபா மாத்தினதுல இது எத்தத் தொலச்சிச்சி, சொல்லு பாப்போம்?"

அந்தக் கேள்வியை யார் வந்தாலும் கேட்பார். மகள் விஜயகுமாரி அதைத் தூக்கிக்கொண்டுதான் பெங்களூருக்கு ஆராய்ச்சி செய்யப் போனாள்.

1986இல் அந்த ஆம்பூல்களை வாங்க ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். மூன்று நாள் கரண்ட் இல்லாமல் குளிர்ப்பெட்டியில் பனி உருகி, காகிதச் சீட்டெல்லாம் அடியில் கூழாகக் கிடந்தது. ஆய்வுக்கூட அதிகாரி தோல் துண்டுகளின் வெட்டுகளை எண்ணி ஏழு ஆம்பூலை அவள் பக்கம் தள்ளினார். எட்டாவதில் வெறும் தோல் துண்டு.

"மார்க் இல்லாதத வச்சிகினு இன்னா பண்றது? கொதிக்கவச்சிக் கொட்டிடலாம்."

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஓய்வு பெற்ற பிறகு இருமலோடு இருந்த அப்பா, துணைக்கு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் எழுந்து ஓடி வந்தார்.

"ஐயோ, அதாம்மா நம்ம கன்னு! வெட்டு இல்லாததுதான் மொதல்!"

பஸ் ஏற்றிவிடும்போது சொன்னார்: "கண்டுபுடிச்சா லெட்டர்ல எழுதாத. வந்து சொல்லு. ஜாஸ்தி நாள் ஆக்காத."

"வர்றேம்பா."

பதினான்கு மாதம் ஆயிற்று. முதலாவதன் டிஎன்ஏவையும் எழுபதாவதன் டிஎன்ஏவையும் நொதியால் வெட்டி, துண்டுகளின் நீளம் தெரிய ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டாள். எழுபதாவதில் ஒரு துண்டு குட்டையாக இருந்தது. அந்த இடத்தில் முதலாவதன் துண்டைத் திருப்பிச் சேர்த்தாள். சாதுவான வைரஸ் மறுபடி கன்றைச் சாய்த்தது. தொலைந்தது ஒரே ஒரு மரபணு. குடுவைக்குள் அது இல்லாமலே காலம் தள்ளலாம். கன்றின் உடம்பில் முடியாது.

அன்றைக்கு அப்பா இறந்து நாற்பத்தொரு நாள். சோதனை பாதியில் இருந்தபோது தந்தி வந்தது. காரியத்துக்கு வெறுங்கையோடு போய்த் திரும்பியிருந்தாள்.

புது வைரஸை ஆம்பூலில் மூடினாள். கழுத்தில் தோல் துண்டு கட்டினாள். பிளேடை எடுத்தாள். எழுபது முறை போய்த் திரும்பி வந்தது இது. ஏழு வெட்டா, வெட்டே வேண்டாமா?

அப்பாவைத்தான் கேட்க வேண்டும். பிளேடு கையிலேயே இருந்தது.