படி இல்லாத நிழற்குடை

பிள்ளைச்சாவடியில் எங்கள் பஸ் நிழற்குடையைப் பார்த்தாலே எனக்குக் காறித் துப்பத் தோன்றும். முழங்காலுக்கு மேல் உயரமான மேடை. ஏறப் படி கிடையாது. இருதய நோயாளியான அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் வெயிலில்தான் நிற்பார். ஒருநாள் தலைசுற்றிச் சாய்ந்தார். பிடித்துக்கொண்டேன், ஆனால் தூக்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு மீன்காரம்மா தன் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "இதுமேல கால வையிண்ணே, நான் புடிச்சிக்கிறேன்" என்று ஏற்றிவிட்டார். அந்த நிழலில் அப்பா உட்கார்ந்தது அந்த ஒருமுறைதான்.

அப்பா இறந்து, காரியமும் முடிந்த பிறகுதான் திறப்பு விழாவே வைத்தார்கள். வந்த தலைவருக்கும் கால் எட்டவில்லை. "டேய், சேர் எடுத்தாங்கடா!" என்று அலறினார்கள். சேரில் கால் வைத்து ஏறி, "பெரியவங்க சொகமா குந்தத்தான் இத கட்டிக் குடுத்திருக்கோம்" என்றார். கைதட்டினார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

கூட்டத்திலிருந்து அதே மீன்காரம்மா கேட்டார்: "அந்த சேர இங்கியே வுட்டுட்டுப் போவியா சாமி?"

விழா முடிந்ததும் முதலில் வேனில் ஏறியது அந்தச் சேர்தான்.

இப்போதும் அங்கேதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எனக்குக் கால் எட்டும். ஆனாலும் ஏறுவதில்லை. அப்பா நின்ற இடத்தில், வெயிலிலேயே நிற்கிறேன்.